லுவாங் பிரபாங்: தறியைப் பார்த்துவிட்டுச் சந்தைக்குப் போங்கள்

மாலை ஐந்து மணி ஆனால் போதும், லுவாங் பிரபாங்கின் பிரதான வீதியில் வண்டிகள் நின்றுவிடும். சிசாவங்வோங் சாலை என்று பெயர். சிவப்பும் நீலமுமாகக் கூடாரங்கள் வரிசையாக எழும்பும். பெரிய பெரிய மூட்டைகளை இறக்கி, தரையில் விரிப்புப் போட்டு, துணிகளை அடுக்க ஆரம்பிப்பார்கள் பெண்கள். பக்கத்தில் பள்ளிக்கூடப் பாடத்தை எழுதிக்கொண்டு ஒரு பிள்ளை, மடியில் தூங்கும் இன்னொரு பிள்ளை. அரை மணி நேரத்தில் ஒரு சாதாரண சாலை, விளக்கொளியில் மின்னும் கைவினைச் சந்தையாகிவிடும். இரவு பத்து மணிவாக்கில் எல்லாவற்றையும் சுருட்டிக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மறுநாள் மாலை மறுபடியும் அதே கதை.

தாய்லாந்து, வியட்நாம் என்று சுற்றுலா போகிறவர்கள், கைவினைப் பொருள்கள் வாங்குவதற்காகவே இரண்டு மூன்று நாள் ஒதுக்கி இந்தச் சின்ன ஊருக்கு வருகிறார்கள். இரைச்சல் இல்லை, கையைப் பிடித்து இழுக்கும் வியாபாரிகள் இல்லை. பார்க்கும் பொருளெல்லாம் அழகு. சிக்கலே அங்கேதான். கையால் நெய்த பட்டு அங்கவஸ்திரமும், எங்கோ ஒரு தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் அச்சடித்த பாலியெஸ்டர் துணியும் ஒரே விரிப்பில், ஒரே விளக்கின் கீழ் கிடக்கும். விலை சொல்லும் புன்னகையும் ஒன்றேதான். எது எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வது கஷ்டம்.

அதனால் லுவாங் பிரபாங்குக்குப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு யோசனை: முதல் நாள் மாலை சந்தையைச் சுற்றிப் பாருங்கள், எதையும் வாங்காதீர்கள்.

ஒரு புத்தரின் பெயரில் ஓர் ஊர்

லாவோஸ் நாட்டின் வடக்கே, மலைகளுக்கு நடுவில், மீகாங் ஆறும் நாம் கான் ஆறும் சேரும் இடத்தில் நாக்குபோல நீண்டிருக்கும் நிலம்தான் பழைய ஊர். நடுவில் நூறு மீட்டர் உயரத்தில் பூசி குன்று. அதன் உச்சியில் ஒரு பொன்னிறக் கோபுரம். ஒரு பக்கம் அரண்மனை, சுற்றிலும் புத்த மடாலயங்கள், இடையிடையே பிரெஞ்சுக்காரர்கள் காலத்து ஓட்டு வீடுகள். காலை நடையிலேயே ஊரின் நடுப்பகுதியைச் சுற்றி முடித்துவிடலாம்.

1353-ல் ஃபா இங்கும் என்ற மன்னர் 'லான் சாங்' ராஜ்ஜியத்தை நிறுவியபோது தலைநகரமானது இந்த ஊர். 'லான் சாங்' என்றால் பத்து லட்சம் யானைகள் என்று அர்த்தம். பதினாறாம் நூற்றாண்டில் தலைநகரம் வியன்டியானுக்கு மாறிப் போனாலும் ராஜ குடும்பத்தின் வாசனை இங்கே நீடித்தது. 83 சென்டிமீட்டர் உயரமுள்ள 'பா பாங்' என்னும் புத்தர் சிலையின் பெயரால்தான் ஊருக்கே பெயர். 1975-ல் மன்னராட்சி முடிந்தது. அரண்மனை அருங்காட்சியகமானது. 1995-ல் யுனெஸ்கோ ஊரையே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மன்னரும் மடாலயங்களும் இருந்த ஊர் என்பதால் நெசவாளர், வெள்ளி வேலை செய்பவர், மரத்தில் சிற்பம் செதுக்குபவர், பொன்னிழைத் தையல் போடுபவர் எல்லோருக்கும் இங்கே வேலை இருந்தது. மன்னர் போய்விட்டார். அந்த இடத்தில் இப்போது சுற்றுலாப் பயணிகள். வாங்குபவர் மாறினால் பொருளும் மாறும் என்பதை இந்த ஊர்ச் சந்தையில் கண்ணால் பார்க்கலாம்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு பாங்காக் வழி சௌகரியம். அங்கிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். வியன்டியானில் இறங்கினால் ரயில் இருக்கிறது. 2021 டிசம்பரில் லாவோஸ்-சீனா ரயில் பாதை திறந்த பிறகு, மலைப்பாதையில் ஒரு நாளையே விழுங்கிக்கொண்டிருந்த பயணம் இரண்டு மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. இணையவழி விசா வசதி உண்டு. விதிகள் மாறக்கூடியவை என்பதால் டிக்கெட் போடும் முன் அரசுத் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை குளுமையான காலம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் மலைச்சரிவுகளில் காட்டை எரித்து வயல் திருத்துவதால் ஊரே புகை மூட்டமாக இருக்கும்.

பணம் மாற்றியவுடன் எல்லோரும் லட்சாதிபதி. ஐயாயிரம் ரூபாய் மதிப்புள்ள டாலரை நீட்டினால் பத்து லட்சம் கிப்புக்கு மேல் கையில் வரும். அந்தப் பூஜ்யங்கள் பழகவே ஒரு நாள் ஆகும். முதல் நாளே வாங்க வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூங்கில் பாலத்துக்கு அப்பால்

இரண்டாம் நாள் காலையில் போக வேண்டியது ஆற்றுக்கு அந்தப் பக்கம். மழைக்காலம் முடிந்து நாம் கான் ஆற்றில் தண்ணீர் வடிந்ததும், ஊர்க்காரர்கள் ஆண்டுதோறும் ஒரு மூங்கில் பாலம் கட்டுவார்கள். சிறு கட்டணம் கொடுத்து அதில் நடந்து போகலாம். அடுத்த மழைக்கு வெள்ளம் வரும் முன் அதைப் பிரித்துவிடுவார்கள். பாலம் தாண்டிச் சிறிது தூரம் போனால் சாங் கோங் கிராமம். சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொண்டும் போகலாம். மற்ற மாதங்களில் டுக்டுக் வண்டியில் சுற்றிப் போக வேண்டும்.

இந்தக் கிராமத்தில் காகிதமும் துணியும்தான் பிழைப்பு. காகிதத்துக்குப் பெயர் 'சா'. ஒரு வகை மல்பெரி மரத்தின் பட்டையிலிருந்து செய்வது. பட்டையை ஊறவைத்து, வேகவைத்து, கூழாகும்வரை அடிக்கிறார்கள். அந்தக் கூழைத் தண்ணீரில் கரைத்து, சட்டமடித்த வலையில் மெல்லிய படலமாகப் பரப்பி, அப்படியே வெயிலில் காயவைக்கிறார்கள். ஈரம் உலரும் முன் மேலே சில இலைகளும் பூவிதழ்களும் வைத்து அழுத்துவதும் உண்டு. சாயங்காலம் உரித்தெடுத்தால் காகிதம். வீட்டு வாசலில் வரிசையாகச் சாய்த்து வைத்திருக்கும் இந்தச் சட்டங்களைப் பார்த்தால் நம் ஊரில் அப்பளம் காயவைத்த முற்றம் ஞாபகத்துக்கு வரும். விளக்குக்கூண்டு, குறிப்பேடு, வாழ்த்து அட்டை என்று அது பல வடிவம் எடுக்கிறது. எடை இல்லை, விலை குறைவு, செய்தவரிடமே வாங்கலாம். ஊருக்குத் திரும்பி நாலு பேருக்குக் கொடுக்க இதைவிட நல்ல பொருள் கிடைப்பது அரிது.

பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தில் தறி ஓடும் சத்தம் கேட்கும். தயங்காமல் 'சபாய்தீ' என்று வணக்கம் சொல்லிவிட்டு எட்டிப் பார்க்கலாம். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஊரின் இன்னொரு புறத்தில் இருக்கும் பனோம் கிராமமும் நெசவுக்குப் பேர்போனது. தாய் லூ இனத்தவர் வாழும் ஊர். ஒரு காலத்தில் அரண்மனைக்குத் துணி நெய்து கொடுத்தவர்கள். இப்போது அங்கே பல வீடுகள் கடைகளாகிவிட்டன. கடையில் தொங்கும் எல்லாமே அந்த வீட்டுத் தறியில் நெய்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தறியில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் துணி எது என்று பார்த்து, அந்த மாதிரி இருப்பதைக் கேட்டு வாங்குவது நல்லது.

நூலில் எழுதி வைத்த நினைவு

லாவோஸ் தறியை நன்றாகக் கவனித்துப் பார்க்க வேண்டும். பாவு, ஊடை, நாடா, அச்சு எல்லாம் நமக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனால், வழக்கமான விழுதுகளுக்குப் பின்னால் வெள்ளை நூல்களால் ஆன ஒரு நீண்ட திரைச்சீலை மேலிருந்து கீழ்வரை தொங்கும். அதில் குறுக்காக அடுக்கடுக்காக மூங்கில் குச்சிகளோ நூல் கண்ணிகளோ கோத்திருக்கும். துணியில் வர வேண்டிய பூவேலையின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு குச்சி. ஒரு குச்சியை அசைத்தால் அந்த வரிக்கு எந்தெந்தப் பாவு இழைகள் மேலே வர வேண்டுமோ அவை மட்டும் மேலே வரும். வண்ண நூலை விரலால் கோத்து, அடித்து, அடுத்த குச்சிக்கு நகர வேண்டும். நம் புடவையில் புட்டா போடுவது போலத்தான். ஆனால் துணி முழுக்கப் புட்டா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய வடிவம் என்றால் குச்சிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அந்த நூல் திரையை அப்படியே கழற்றிச் சுருட்டி எடுத்து வைக்கலாம். பல வருஷம் கழித்து மறுபடி தறியில் மாட்டினால் அதே பூவேலை வரும். பாட்டி கோத்து வைத்ததைப் பேத்தி நெய்யலாம். காகிதத்தில் வரையாமல், நூலிலேயே எழுதி வைத்த நினைவு அது.

எளிமையான ஒரு கழுத்துத் துணி ஓரிரு நாளில் முடிந்துவிடும். நுணுக்கமான பூவேலை என்றால் நாளெல்லாம் உட்கார்ந்தாலும் சில விரற்கடைதான் நகரும். ஒரு துணிக்கு வாரக்கணக்கில், சிலவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். இதற்கு நடுவில் நெய்பவர் சோறாக்குகிறார், பிள்ளையைப் பார்க்கிறார், நடவுக்கும் அறுப்புக்கும் வயலுக்குப் போகிறார். இதை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்கு, மாலையில் சந்தையில் விலை கேட்கும்போது தானாகவே குரல் தணியும்.

துணிகளில் திரும்பத் திரும்ப வருவது நாகம். மீகாங் ஆற்றைக் காக்கும் தெய்வம் என்பது அவர்களுடைய நம்பிக்கை. வளைந்து, கொக்கிபோல மடங்கி, சில சமயம் வெறும் கோடுகளாகவே மாறிப் போயிருக்கும். முதல் பார்வையில் பூவோ என்று தோன்றும், நெய்பவர் விரல் வைத்துக் காட்டினால்தான் தலையும் வாலும் தெரியும். லாவோஸின் இந்த நாக நெசவுக் கலையை 2023 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

சாயங்களும் வீட்டுத் தோட்டத்துச் சரக்குதான். நீலத்துக்கு அவுரி. சிவப்புக்கு அரக்கு. மஞ்சளுக்குப் பலாமரக் கட்டை. அவுரித் தொட்டியில் முக்கி எடுக்கும்போது நூல் பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். மீகாங் கரையில் ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் 'ஓக் பாப் டோக்' என்ற நெசவு மையம் இருக்கிறது. 2000-ல் ஒரு லாவோஸ் நெசவாளிப் பெண்ணும் ஓர் இங்கிலாந்துப் பெண்ணும் சேர்ந்து தொடங்கியது. 'கிழக்கும் மேற்கும் சந்திக்கும் இடம்' என்று பெயருக்கு அர்த்தம். அங்கே கட்டணம் கட்டி அரை நாள் சாயம் தோய்க்கவும் நெய்யவும் கற்றுக்கொள்ளலாம். விலை சந்தையைவிடக் கூடுதல்தான். ஆனால் நூல் எது, சாயம் எது, நெய்தவர் யார் என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

இந்த நெசவு இன்னும் உயிரோடு இருப்பதற்குச் சுற்றுலா மட்டும் காரணம் இல்லை. லாவோஸ் பெண்கள் 'சின்' என்ற பாவாடையை இன்றும் உடுத்துகிறார்கள். கணுக்கால்வரை நீண்ட, கீழே அழகான கரை வைத்த பாவாடை. பள்ளி மாணவிகளின் சீருடை அது. அரசு அலுவலகத்துக்கும், வங்கிக்கும், கோயிலுக்கும், கல்யாணத்துக்கும் அதுதான். தான் உடுத்தாத ஒன்றைப் பிறருக்காக மட்டும் நெய்யும் நிலைமை இங்கே இன்னும் முழுதாக வந்துவிடவில்லை. வாங்குகிறவர்களுக்கும் இதில் ஒரு குறிப்பு இருக்கிறது. ஊர்ப் பெண்கள் எந்தக் கடையில் கரை பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்களோ, அங்கே நிற்கலாம்.

மலையிலிருந்து வரும் தையல்

இரவுச் சந்தையில் உட்கார்ந்திருக்கும் பெண்களில் பலர் மோங் இனத்தவர். மலைக்கிராமத்துக்காரர்கள். அவர்களுடைய கைவண்ணம் தையலில் இருக்கிறது. துணியை நறுக்கி, மடித்து, இன்னொரு துணிமேல் வைத்து நத்தைச் சுருள் போலத் தைப்பார்கள். சணல் வகைத் துணியில் தேன்மெழுகால் கோலம் போட்டு அவுரியில் முக்குவார்கள். மெழுகு பட்ட இடம் வெள்ளையாக நிற்கும். இன்னொன்று, கதைத் துணி. ஊர், வயல், கோழி, பன்றி, திருவிழா எல்லாம் சின்னச் சின்ன உருவங்களாகத் தைத்திருக்கும். சிலவற்றில் விமானங்களும் துப்பாக்கிகளும், ஆற்றை நீந்திக் கடக்கும் குடும்பங்களும் இருக்கும். 1970-களில் போருக்குப் பின் தாய்லாந்து அகதி முகாம்களுக்குத் தப்பிப் போன மோங் பெண்கள், பிழைப்புக்காகவும் நினைவுக்காகவும் தைக்கத் தொடங்கிய வடிவம் அது. குழந்தைகள் அறையில் மாட்ட அழகாக இருக்கிறதே என்று வாங்குகிறவர்கள், அதில் என்ன கதை இருக்கிறது என்று ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

இந்த வித்தியாசங்களை அறிய உதவும் இடம், ஊருக்குள்ளேயே இருக்கும் மரபுக் கலை, இனவியல் அருங்காட்சியகம். சின்னக் கட்டடம், ஒரு மணி நேரம் போதும். லாவோஸின் பல இனத்தவருடைய உடைகளும் அவை செய்யப்படும் விதமும் அங்கே விளங்கும். 2019-ல் இந்த அருங்காட்சியகம் உலகச் செய்திகளில் அடிபட்டது. லாவோஸின் வடகோடியில் சில ஆயிரம் பேரே உள்ள ஓமா என்னும் இனப் பெண்கள் அவுரி நீலத் துணியில் கையால் தைக்கும் வடிவங்களை, இத்தாலியின் பெரிய ஆடை நிறுவனம் ஒன்று அப்படியே அச்சடித்து விற்பதாக அது பகிரங்கமாகக் குற்றம் சாட்டியது. ஒரு பெண் ஊசியில் மாதக்கணக்கில் செய்வதை இயந்திரம் நொடியில் அச்சிடுகிறது. அந்த விலையில் ஒரு காசுகூட அந்தப் பெண்ணுக்குப் போவதில்லை என்பதே அவர்கள் வாதம். இரவுச் சந்தையில் மோங் தையலைப் போலவே அச்சடித்த பைகள் மலிவாகக் குவிந்து கிடப்பதும் இதே கதையின் சின்ன வடிவம்தான். அங்கே கூடுதலாக ஒரு சோகம்: அந்த அச்சுப் பையை விற்பதும் ஒரு மோங் பெண்ணாகவே இருக்கலாம். கையால் தைத்தால் கட்டுப்படியாகவில்லை என்பதால்தான் அவர் அதை வாங்கி விற்கிறார்.

குண்டு உலோகத்தில் ஒரு கரண்டி

சந்தையில் வெள்ளிபோல மின்னும் அலுமினியக் காப்பு, கரண்டி, சாவிக்கொத்து எல்லாம் பார்க்கலாம். 'குண்டிலிருந்து செய்தது' என்று அட்டையில் எழுதியிருக்கும். விளையாட்டுக்குச் சொல்வதில்லை. 1964 முதல் 1973 வரை அமெரிக்கா இந்த நாட்டின்மேல் இருபது லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டது. கொத்துக் குண்டுகளிலிருந்து சிதறிய சிறு குண்டுகள் மட்டும் சுமார் 27 கோடி. அவற்றில் மூன்றில் ஒரு பங்குவரை வெடிக்காமல் மண்ணுக்குள் தங்கிவிட்டதாகக் கணக்கு. போர் முடிந்த பிறகும் உழும்போதும், அடுப்பு மூட்டும்போதும், விளையாடும்போதும் வெடித்து இருபதாயிரம் பேருக்கு மேல் இறந்தோ காயப்பட்டோ இருக்கிறார்கள்.

சியாங்குவாங் மாநிலத்தில் நாபியா என்ற கிராமத்தில், போரில் மிஞ்சிய அலுமினியத்தை உருக்கி மரமும் சாம்பலும் கொண்டு செய்த அச்சில் ஊற்றிக் கரண்டி செய்ய ஆரம்பித்தார்கள். பக்கத்து ஊர்களின் நூடுல்ஸ் கடைகளுக்குத்தான் முதலில் விற்றார்கள். பிறகு காப்பும் வந்தது. உயிரைப் பறிக்க வந்த உலோகத்தில் சோறு சாப்பிடக் கரண்டி என்பது மனதைத் தொடும் விஷயம். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பழைய இரும்புக்கும் அலுமினியத்துக்கும் விலை கிடைக்கிறது என்றால், அதைத் தேடிக் காட்டுக்குள் போகிறவர்களும் இருப்பார்கள். பொறுக்கும்போது வெடித்த விபத்துகள் நிறைய. அதனால் யார் செய்தது, உலோகம் பாதுகாப்பாகச் சேகரித்ததா, குண்டு அகற்றும் பணிக்கு ஒரு பங்கு போகிறதா என்று சொல்லக்கூடிய கடையில் வாங்குவது நல்லது. ஊரிலேயே குண்டு அகற்றும் அரசு அமைப்பின் தகவல் மையம் இருக்கிறது. காப்பு வாங்கும் முன் அங்கே அரை மணி நேரம் செலவழிக்கலாம்.

இப்போது சந்தைக்குப் போகலாம்

இரண்டாம் நாள் மாலை, கண் தெளிந்திருக்கும். துணியைக் கையில் எடுத்ததும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தறியில் போட்ட பூவேலை என்றால் பின்னால் வண்ண நூல்கள் குறுக்கே ஓடும், முடிச்சும் நுனியும் தெரியும். அச்சுத் துணி என்றால் பின்பக்கம் வெளிறிப் போயிருக்கும். விளிம்பைப் பாருங்கள்: கைத்தறியில் ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கும். ஒரே வடிவம், ஒரே நிறம், ஒரே அளவில் ஐந்து கடையில் தொங்கினால் அது தொழிற்சாலைச் சரக்கு. யானை போட்ட தொளதொளப் பேண்ட் அந்த ரகம். அணிய சுகம்தான், வாங்கக் கூடாது என்றில்லை. கைவினை என்று நினைத்து வாங்காமல் இருந்தால் சரி. பட்டா என்று சந்தேகம் வந்தால், குஞ்சத்திலிருந்து ஓர் இழை கிடைத்தால் அறைக்குப் போய் எரித்துப் பார்க்கலாம். பட்டு, முடி பொசுங்கும் வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி மணிபோல் உருண்டு நிற்கும்.

'தாவ் தாய்?' என்றால் எவ்வளவு என்று அர்த்தம். கடைக்காரம்மா கால்குலேட்டரில் தட்டிக் காட்டுவார். பேரம் உண்டு, ஆனால் சிரித்த முகத்தோடு. சொன்ன விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம், இரண்டு மூன்று வாங்கினால் இன்னும் கொஞ்சம். குரலை உயர்த்துவதும், பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டு நடப்பதும் அங்கே மிகவும் கேவலமாகப் பார்க்கப்படும். போணி நம்பிக்கை அவர்களுக்கும் உண்டு. முதல் வியாபாரத்தின் ரூபாய் நோட்டால் மற்றப் பொருள்களையெல்லாம் தட்டித் தட்டி எடுப்பார்கள், மீதியும் விற்கட்டும் என்று. நம் ஊர்க் கடைவீதியைப் பார்த்தவர்களுக்கு அதற்கு விளக்கமே தேவைப்படாது.

பேரத்தில் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். அச்சுத் துணிக்கு எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். கையால் நெய்தது, கையால் தைத்தது என்று உறுதியாகத் தெரிந்தால், அது எத்தனை நாள் வேலை என்று மனதில் வகுத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். கடைசியில் குறையும் இருபதாயிரம் கிப் என்பது நம் கணக்கில் நூறு ரூபாய்க்குக் கீழே. நமக்கு ஒரு காபிச் செலவு. அந்த அம்மாவுக்கு அது அப்படியல்ல.

வாங்கக் கூடாதவையும் உண்டு. பழைய புத்தர் சிலை, கோயிலிலிருந்து வந்தது போன்ற மரச் சிற்பம் வேண்டாம். பழம்பொருள்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. தந்தம், எலும்பு, பல், தோல் என்று எதைக் காட்டினாலும் தள்ளி வையுங்கள். தந்த வியாபாரம் சர்வதேசச் சட்டப்படி குற்றம். நம் விமான நிலையத்திலும் மாட்டிக்கொள்வோம். பாம்பும் தேளும் மிதக்கும் சாராய பாட்டில்களைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

மூன்றாம் நாள் காலையில் நேரம் இருந்தால், சுற்றுலாப் பயணிகள் அதிகம் எட்டிப் பார்க்காத போசி சந்தைக்குப் போங்கள். ஊர்க்காரர்கள் காய்கறி, மீன், துணி வாங்கும் இடம். அங்கே மூங்கிலில் பின்னிய மூடியிட்ட சின்னக் கூடைகள் கிடைக்கும். லாவோஸ் மக்களின் அன்றாடச் சாப்பாடான ஒட்டரிசிச் சோற்றைச் சூடு ஆறாமல் வைக்கும் கூடை அது. பெயர் 'திப் காவ்'. அலங்காரம் எதுவும் இல்லை. வாங்க வருகிற ஊர்ப் பெண்கள் மூடி சரியாக உட்காருகிறதா என்று அழுத்திப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். நீங்களும் அப்படியே பார்த்து எடுங்கள். நம் வீட்டில் சப்பாத்தியோ இட்லியோ வைக்கலாம்.

திரும்பும்போது பெட்டியில் மூன்றே பொருள்கள் இருந்தாலும் போதும். ஒரு கைத்தறித் துணி, ஒரு மோங் தையல், ஒரு சோற்றுக் கூடை. வீட்டில் யாராவது 'இது என்ன விலை?' என்று கேட்டால், விலையோடு சேர்த்து அதை நெய்ய எத்தனை நாள் ஆனது என்பதையும் சொல்லுங்கள். கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்கியவர்களால்தான் அதைச் சொல்ல முடியும்.